கெட்டிமேளம் கேட்கணும்ல..!

'மிக்ஸிங்' என்றதும் சட்னி அரைக்கிற மிக்ஸி ஞாபகம் வந்தால் நீங்கள் பென்டிரைவ் காலத்துப் பிள்ளை! கேசட் காலத்தில் எங்கள் தர்மபுரிப் பக்கம் கல்யாண வீடியோவை எடிட் பண்ணுவதற்குப் பெயரே மிக்ஸிங்தான். ரெண்டு வி.சி.ஆர்., நடுவில் ஒரு மிக்ஸர் மெஷின். ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவு பண்ண வேண்டும். அந்த மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. "தம்பி, மிக்ஸிங் எப்ப முடியும்?" என்றுதான் இன்னமும் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

அப்படி என்னதான் மிக்ஸ் பண்ணினார்கள்? தாமரை மொட்டு விரியும். உள்ளே மணமக்கள் சுற்றிக்கொண்டே வருவார்கள். பாலக்கோடு மாப்பிள்ளையும் அரூர் பொண்ணும் சுவிட்சர்லாந்து பனிமலை முன்னால் நிற்பார்கள். மாப்பிள்ளை பட்டு வேட்டியில், கொஞ்சமும் குளிராமல்! பந்தியில் ரசத்தைப் பிசைந்துகொண்டிருக்கும் பெரியப்பா தலைமேல் பட்டாம்பூச்சி பறக்கும். ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போக ஹார்ட் வரும், ஸ்டார் வரும், புத்தகப் பக்கம் புரளும். சாஃப்ட்வேரில் எத்தனை எஃபெக்ட் இருக்கிறதோ அத்தனையும் ஒரே கல்யாணத்தில் வந்துவிடும். காசு கொடுத்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள், பொய் சொல்லக் கூடாது.

இதைக் கேட்டு சிரிக்கிற காலேஜ் பசங்களிடம் நான் ஒன்று கேட்பேன். உங்கள் ரீல்ஸில் திரை நடுங்குகிறது, கலர் பிரிந்து தெறிக்கிறது, பீட்டுக்கு பீட் ஸூம் அடிக்கிறது... பட்டாம்பூச்சி போய் கிளிட்ச் வந்திருக்கிறது. அவ்வளவுதானே பாஸ்?

ஆனால் நான் சொல்ல வந்தது எஃபெக்ட் பற்றி இல்லை. சத்தம் பற்றி.

அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு. அவிட் என்ற கம்ப்யூட்டர் எடிட்டிங் முறை 1989-ல் வந்தது. அடோபியின் பிரீமியர் 1991-ல். 1994 பொங்கலுக்கு வந்த கமல்ஹாசனின் 'மகாநதி'தான் அவிட்டில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் ஊர் கல்யாணங்களுக்கு அந்த வசதி வந்து சேர மினிடிவி கேசட் வரவேண்டியிருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு கேசட். ஒரு மணி நேரம் ஓடும். ஃபயர்வயர் கேபிளைச் சொருகி கம்ப்யூட்டருக்குள் இறக்கினால் 13 ஜிபி. ஒரு மணி நேர கேசட் இறங்க முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. நாலு கேசட் கல்யாணம் என்றால் டீக்கடைக்கு நாலு முறை போய் வரலாம். பினாக்கிள், யூலீட், பிறகு எடியஸ் என்று சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே வந்தது. ராத்திரி ரெண்டரிங் போட்டுவிட்டுப் படுத்தால், 2012 வாக்கில் இருந்த கரண்ட் கட்டுக்கு, காலையில் 40 சதவிகிதத்தில் நின்றிருக்கும். கன்ட்ரோல் எஸ் அடிப்பது எங்களுக்கெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி ஆனது அப்போதுதான்.

அந்த மினிடிவி கேசட்டுக்கு ஒரு குணம் உண்டு. அழித்துவிட்டு மறுபடி பதிவு பண்ணலாம். காசு மிச்சம். அதனால் ஒரு கல்யாணம் முடிந்து டிவிடி கைமாறியதும் அதே கேசட் அடுத்த கல்யாணத்துக்குப் போகும். பல இடங்களில் இதுதான் வழக்கம்.

2009-ல் நான் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராகச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் தங்கச்சியோடு வந்தார். கையில் டிவிடி. 2006-ல் நடந்த அவர் கல்யாணம், அதே ஸ்டுடியோ எடுத்தது. அவர் அப்பா காலமாகி கருமாதி முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

"இதுல ஒரு எடத்துல எங்கப்பா கேமராவப் பாத்துப் பேசறாரு தம்பி. சத்தம் வரல. அவரு என்ன பேசுனாருன்னு மட்டும் எடுத்துக் குடுங்க."

போட்டுப் பார்த்தேன். நலங்கு முடிந்து ஒரு பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசுகிறார். மொத்தம் 11 விநாடி. வாய் அசைகிறது, சிரிக்கிறார், கையை ஆட்டுகிறார். கேட்பதோ ஒரு டூயட் பாட்டு! எடிட் பண்ணியவர் அந்தக் காலத்து வழக்கப்படி லைவ் சத்தத்தை மொத்தமாக மியூட் பண்ணிவிட்டு, மூணு மணி நேரத்துக்கும் பாட்டாகப் போட்டு நிரப்பியிருந்தார்.

"பாட்ட மட்டும் எடுத்துட்டா அடியில இருக்கும்ல?" என்றார் அவர். அடியில் எதுவும் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. பாட்டு குரலுக்கு மேலே ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை. டிவிடியில் ஏறியது பாட்டு மட்டும்தான், குரல் ஏறவே இல்லை. ஒரிஜினல் கேசட்டில் அதற்குள் வேறு மூன்று கல்யாணங்கள் நடந்து முடிந்திருந்தன.

கடைசியில் அவர் கேட்டது: "வாய் அசையறத வெச்சு கண்டுபுடிக்க முடியுங்களா?"

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். அந்தத் தங்கச்சி மட்டும் திடீரென்று, "சாப்ட்டியான்னு கேக்கறாருண்ணா" என்றது. எனக்கு அப்படித் தெரியவில்லை. "ஆமாங்க, அப்படித்தான் இருக்கு" என்றேன்.

இன்றைக்கு யாராவது என்னிடம் எடிட்டிங் கத்துக்கொடுங்கள் என்று வந்தால், கட் பண்ணுவதைச் சொல்லித் தருவதற்கு முன்னால் டைம்லைனில் சத்தத்தை அடுக்கச் சொல்லித் தருகிறேன். முதல் ஆடியோ டிராக் கேமராவின் லைவ் சத்தம். இதை அழிக்கக் கூடாது, மியூட் பண்ணக் கூடாது. வேண்டாத இடத்தில் குறைக்கலாம். இரண்டாவது டிராக் ரெண்டாவது கேமரா அல்லது தனி ரிக்கார்டர். மூன்றாவதில்தான் பாட்டு. யாராவது பேச ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு விநாடி முன்னால் பாட்டு டிராக்கில் ஒரு கீஃபிரேம், பேச்சு ஆரம்பிக்கும் இடத்தில் இன்னொன்று. இரண்டாவதைக் கீழே இழுத்தால் பாட்டு மெதுவாக இறங்கி வழிவிடும். பேச்சைவிடப் பாட்டு 15 டெசிபலாவது கீழே இருந்தால்தான் டி.வி. பெட்டியின் குட்டி ஸ்பீக்கரில் வார்த்தை புரியும். ஹெட்போனில் கேட்டு முடிவு பண்ணாதீர்கள், ஏமாற்றிவிடும்.

மீட்டரில் 0 என்பது கூரை மாதிரி. பேச்சு சுமார் மைனஸ் 12-லும், கெட்டிமேளத்தின் உச்சம் மைனஸ் 6 முதல் 3 வரையிலும் இருந்தால் போதும். பதிவு பண்ணும்போதே கூரையை இடித்துவிட்டால் சத்த அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். கம்ப்யூட்டரில் எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது.

இதில் கேமராவின் ஆட்டோ லெவல் ஒரு வில்லன். ஐயர் மெதுவாக மந்திரம் சொல்லும்போது அது சத்தத்தை ஏற்றி வைத்திருக்கும். "கெட்டிமேளம்.. கெட்டிமேளம்..!" என்றதும் தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக எகிறும். கேமரா பயந்துபோய் சட்டென்று அமுக்கும். தாலி ஏறும் சரியான விநாடியில் சத்தம் உள்வாங்கிவிடும்! அதனால் லெவலை மேனுவலில் வைத்து, மேளம் வாசித்துப் பார்க்கும்போதே செட் பண்ணிவிட வேண்டும். ஒரு சின்ன ரிக்கார்டரைக் குறைந்த லெவலில் மேடைப் பக்கம் வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரின் உறுமல் பேச்சுக்கு அடியில் வந்தால் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பேச்சுக்கு மட்டும்தான்! அதையே மேளத்துக்கும் போட்டால் தவிலின் கனம் போய் தகர டப்பா தட்டிய மாதிரி ஆகிவிடும். பம்பைக்கும் இதேதான்.

ரெண்டு கேமரா வைத்தால் ரெண்டையும் பொருத்துவது அடுத்த வேலை. சினிமாவில் கிளாப் அடிப்பது இதற்காகத்தான். கல்யாணத்தில் யாரையும் நிறுத்தி கிளாப் அடிக்க முடியாது. ஆனால் இயற்கையே கிளாப் கொடுத்திருக்கிறது. கெட்டிமேளத்தின் முதல் அடி! டைம்லைனில் அது சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ரெண்டு கேமராவின் சுவரையும் நேராக வைத்தால் மொத்தக் கல்யாணமும் பொருந்திவிடும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம். சத்தம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மண்டபத்தின் கடைசி வரிசையில், மேடையிலிருந்து 27 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு மேளச்சத்தம் 0.08 விநாடி லேட்டாகப் போய்ச் சேரும். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது ரெண்டு ஃபிரேம். சத்தத்தை வைத்துப் பொருத்தினால் பின் கேமராவின் படம் ரெண்டு ஃபிரேம் முந்தி ஓடும். சாதாரண காட்சியில் யாருக்கும் தெரியாது. தவில்காரர் கை விழுவதை அந்தக் கேமராவில் ஸூம் பண்ணிக் காட்டும்போது 'என்னவோ ஒட்டலையே' என்று தோணும். அந்தக் கேமராவின் படத்தை மட்டும் ரெண்டு ஃபிரேம் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும்.

செல்போனில் எடுத்ததைச் சேர்க்கும்போது வேறு ஒரு தொல்லை. பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு பண்ணும். ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒட்டியிருக்கும். அரை மணி நேரம் போனால் குரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். எடிட்டிங்கில் போடும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 'கான்ஸ்டன்ட்' என்று வைத்து மாற்றிவிட்டால் பிரச்னை இல்லை.

எங்கள் மாவட்டத்தில் அவுட்டோர் என்றால் ஒகேனக்கல்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், மாப்பிள்ளை-பொண்ணு பரிசலில் போக வேண்டும், அருவி முன்னால் நிற்க வேண்டும், மீன் வறுவல் சாப்பிட வேண்டும். காட்சிக்குக் குறைவே இல்லை. சத்தம்தான் சோதனை. அருவியின் இரைச்சல் எல்லா ஸ்வரத்திலும் ஒரே நேரத்தில் கேட்கிற இரைச்சல். சாஃப்ட்வேரில் அதை நீக்கப் போனால் குரலையும் சேர்த்து அரித்துவிடும். பொண்ணு ரோபோ மாதிரி பேசும். ஆக, அங்கேயே வேலையை முடிக்க வேண்டும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அருவி இருந்த இடத்தில்தான் இருக்கும். காலர் மைக் இல்லையா? இன்னொரு போனில் வாய்ஸ் ரிக்கார்டரை ஆன் பண்ணி மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். தண்ணி தெளிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் சமர்த்து.

கிளம்பும் முன்னால் யாரையும் பேசவிடாமல் ரெண்டு நிமிஷம் வெறும் அருவிச் சத்தத்தை மட்டும் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கட் பண்ணும்போது ஒவ்வொரு ஷாட்டிலும் இரைச்சல் ஒவ்வொரு அளவில் இருக்கும். கட்டுக்குக் கட் 'டொப் டொப்' என்று குதிக்கும். பதிவு பண்ணிய ரெண்டு நிமிஷத்தை அடியில் நீளமாக விரித்துவிட்டு, ஒவ்வொரு கட்டிலும் லைவ் சத்தத்துக்கு நாலைந்து ஃபிரேம் குறுக்கு மங்கல் கொடுத்தால் குதிப்பு தெரியாது. மண்டபத்திலும் இதே வித்தைதான். ஆளில்லாத மண்டபத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. ஃபேன், பாத்திரம், தூரத்தில் பஸ் ஹாரன்.

சத்தம் சரியானால் கட் பாதி சரியாகிவிடும். டைம்லைனில் படம் மேலே, சத்தம் கீழே இருக்கும் இல்லையா? அடுத்த காட்சியின் சத்தத்தை ஒரு விநாடி முன்னாலேயே நுழையவிட்டுப் பாருங்கள். அந்தத் துண்டு ஆங்கில எழுத்து ஜே மாதிரி தெரியும். அதனால் ஜே கட். பொண்ணுக்கு அம்மா பூ வைத்துக்கொண்டிருக்கிறார். வெளியே பம்பை ஆரம்பிக்கிற சத்தம். அம்மா நிமிர்கிறார். இப்போது மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்குப் போங்கள். புத்தகப் பக்கமும் வேண்டாம், ஹார்ட்டும் வேண்டாம். இதற்கு நேர்மாறு எல் கட். பாட்டி ஆசீர்வாதம் பண்ணிப் பேசுகிறார். பேச்சு முடிவதற்கு முன்பே படத்தைப் பேத்தியின் முகத்துக்கு மாற்றிவிடுங்கள். குரல் தொடரட்டும். பேத்தியின் கண் என்ன பண்ணுகிறது என்பதுதான் அங்கே சேதி.

கையோ தலையோ அசையும்போது கட் பண்ணுவதும் அப்படித்தான். மாலையைத் தூக்குவது தூரத்து ஷாட்டில், கழுத்தில் விழுவது பக்கத்து ஷாட்டில். தூக்கி முடித்த பிறகு கட் பண்ணினால் கட் தெரியும். தூக்கிக்கொண்டிருக்கும்போதே பண்ணினால் பார்க்கிறவர் கண் மாலையோடு போய்விடும்.

எந்த ஷாட்டை வைப்பது, எதைத் தூக்குவது? ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் இதற்கு ஒரு மார்க் பட்டியலே வைத்திருக்கிறார். 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தை அவிட்டில் எடிட் பண்ணி 1997-ல் ஆஸ்கர் வாங்கியவர். சவுண்ட் வேலையிலும் ஆஸ்கர் வாங்கியிருக்கிறார். அவர் கணக்கில் ஒரு கட்டுக்கு உணர்ச்சிதான் 51 மார்க். கதைக்கு 23, தாளத்துக்கு 10. யார் எங்கே நின்றார்கள், எந்தக் கை மேலே இருந்தது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதற்குக் கடைசி இடம், 4 மார்க்தான்! ஃபோகஸ் கொஞ்சம் போன, ஆனால் அம்மா அழுகிற ஷாட்டும், ஃபோகஸ் பளிச்சென்று இருந்து அம்மா டீ குடிக்கிற ஷாட்டும் இருந்தால் நான் முதலாவதைத்தான் வைப்பேன். கேமராமேன் கோவித்துக்கொள்வார். பரவாயில்லை.

"அண்ணா, என் கம்ப்யூட்டர் பழசு, 4கே ஓடாது" என்கிறீர்களா? பிராக்ஸி என்று ஒரு வசதி இருக்கிறது. பெரிய ஃபைலுக்குப் பதிலாகச் சின்ன சைஸ் நகலை வைத்து எடிட் பண்ணலாம். கடைசியில் எக்ஸ்போர்ட் பண்ணும்போது சாஃப்ட்வேர் ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும். காசு கொடுக்காமல் கிடைக்கும் கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் ரெண்டிலும் இது உண்டு. ரிசால்வுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், கேடென்லைவ் அவ்வளவு கேட்காது. திருட்டு சிடி தேடி அலைந்த காலம் போயாச்சு.

இனி அந்த 11 விநாடி விஷயம். இப்போது நான் ஒரிஜினல் எதையும் அழிப்பதில்லை. கார்டிலிருந்து இறக்கியதும் ரெண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் நகல். ஃபோல்டர் பெயரில் வருஷம், மாசம், தேதி, ஊர். விநாடிக்கு 50 மெகாபிட் பதிவு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. கல்யாண சீசனில் டிஸ்க் சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் ரேட் பேசும்போதே டிஸ்க் செலவையும் சேர்த்துப் பேசிவிடுகிறேன். யோசிக்கிற வீட்டுக்காரர்களிடம் 'தாத்தா பாட்டி பேசுனது பூரா இருக்கும்ங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்னொரு வேலையும் பண்ணுகிறேன். மெயின் வீடியோ, ரீல்ஸ் எல்லாம் கொடுத்த பிறகு, 'குரல்' என்று பெயர் போட்டு ஒரு ஃபைல். பாட்டே கிடையாது. எஃபெக்ட் கிடையாது. கல்யாணத்தில் யார் யார் பேசினார்களோ அதெல்லாம் வரிசையாக. நலங்கு வைக்கும்போது அத்தைகள் அடிக்கும் கிண்டல், பந்தியில் 'இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்து' என்கிற சித்தப்பா, மைக்கில் மொய் வாசித்திருந்தால் அதுவும் முழுசாக. மாரண்டஅள்ளியிலிருந்து யார் வந்தார், பெண்ணாகரத்திலிருந்து யார் எழுதினார், பெங்களூரிலிருந்து யார் கொடுத்தனுப்பினார் என்று உறவுக்காரர் பட்டியலே அதில் இருக்கும். எடிட் பண்ண அரை நாள் ஆகும். கலர் பார்ப்பதில்லை, கேமரா ஆடினாலும் விடுவேன்.

அதை யூடியூபில் போட்டால் காப்பிரைட் தொல்லையும் அனேகமாக வராது, பின்னணியில் ரேடியோ பாடியிருந்தால் ஒழிய. சினிமாப் பாட்டு போட்ட மெயின் வீடியோவைத்தான் அது கப்பென்று பிடிக்கும்.

குரல் ஃபைலுக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. பென்டிரைவ் மட்டும் நீங்களே கொண்டு வர வேண்டும். 32 ஜிபியாவது இருக்கட்டும். வாங்கினபடி அது ஃபேட்32 என்று இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறவே ஏறாது. இடம் காலியாக இருக்கும்போதே அடம்பிடிக்கும். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் பண்ணிக் கொண்டு வாங்க. ஃபார்மட் பண்ணும் முன்னால் உள்ளே வேறு யார் கல்யாணமாவது இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்குங்க!